இலையுதிர்கால விருப்பப் பட்டியல்: போடுவதும் அடிப்பதும்

போன ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் நான் எழுதிய பட்டியலில் 23 பொருட்கள் இருந்தன. நவம்பர் முடிவதற்குள் வாங்கியவை ஆறுதான். மீதி 17-ஐயும் ஒவ்வொன்றாக நானே பேனாவால் அடித்துவிட்டேன். அடித்தவற்றில் எதற்காகவும் பிறகு மனசு ஏங்கவில்லை. சிலவற்றை ஏன் எழுதினேன் என்றே இப்போது புரியவில்லை. ‘செம்பு நிறத்தில் இலை வடிவத் தட்டு’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் எதை வைப்பதாக இருந்தேனோ!

விருப்பப் பட்டியல் என்றாலே கடைக்குப் போவதற்கு முந்தைய வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது கடைக்குப் போவதைத் தள்ளிப்போட உதவும் வேலை. இலையுதிர் காலத்துக்கு இது ரொம்பவே தேவைப்படுகிறது. துரு நிறம், கடுகு மஞ்சள், அரக்குச் சிவப்பு என்று கடைக் கண்ணாடிக்குள் எதைப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பருவம் வந்து போவது சில வாரங்களில். காலையில் 8 டிகிரி, மதியம் 19 டிகிரி, மாலையில் தூறல் என்று ஒரே நாளில் மூன்று முகம் காட்டும். அந்தச் சில வாரங்களுக்கென்றே வாங்கியவை மறு ஆண்டு மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடக்கும்.

வட கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23-இல் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும். தென் கோளத்தில் இருப்பவர்களுக்கு அது மார்ச் 20 அல்லது 21. அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே பட்டியலைத் தொடங்கிவிடுங்கள். குளிர் கையைக் கடித்த பிறகு எழுதினால் அவசரத்தில் பத்து வரி கூடிவிடும்.

முதல் படி: அலமாரியைக் கட்டிலில் கொட்டுங்கள்

நோட்டைத் திறப்பதற்கு முன் போன ஆண்டுக் கம்பளித் துணிகள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மேலோட்டமாகப் புரட்டிப் பார்ப்பது போதாது. ஒவ்வொன்றையும் உடுத்திக் கண்ணாடி முன் நின்று, கையைத் தூக்கி, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். என் வீட்டில் இதற்கு அரை நாள் பிடிக்கும். போன முறை இதில் கிடைத்தவை: பொத்தான் இரண்டு போன ஒரு கோட், உள்துணி கிழிந்த இன்னொன்று, இருப்பதே மறந்துபோன ஒரு சாம்பல் ஸ்கார்ஃப். தையல்காரரிடம் ஒரு நடை போய்வந்ததில் பட்டியலில் இரண்டு வரி குறைந்தது.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்துப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. கம்பளி, பட்டு, இறகு, ரோமம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். வியர்வையோ உணவுக் கறையோ படிந்த இடமென்றால் இன்னும் விசேஷம். அதனால்தான் துவைக்காமல் கம்பளியை உள்ளே வைக்கக்கூடாது என்பது. சந்தேகப்படும் துணியைப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். தேவதாரு மர உருண்டைகளை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அவை வாசனைக்கு நல்லவை, காவலுக்குப் போதாது.

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் வீட்டில்தான் ஒரே மாதிரி கறுப்பு ஸ்வெட்டர் மூன்று இருக்கும். சொல்லும் என்னிடம் இரண்டு இருக்கின்றன.

இரண்டாம் படி: பொருளை எழுதாதீர்கள், குறையை எழுதுங்கள்

‘நீளமான பழுப்புக் கோட்’ என்று எழுதினால் உங்களுக்குக் கிடைக்கும் பதில் நீளமான பழுப்புக் கோட் மட்டும்தான். ‘காலையில் பேருந்துக்கு நிற்கும்போது கழுத்தில் காற்று அறைகிறது’ என்று எழுதிப் பாருங்கள். கழுத்தை மூடும் ஸ்வெட்டர், ஸ்கார்ஃப், இருக்கும் கோட்டின் காலரில் ஒரு கொக்கி என்று நாலு வழி தெரியும். அதில் பாதி வழி வீட்டிலேயே இருக்கும்.

என் நோட்டில் நான்கு கட்டங்கள். முதலில் குறை. அடுத்தது, அதைத் தீர்க்கக்கூடியவை. மூன்றாவது, வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்க முடியுமா என்பது. நான்காவதில் எழுதிய தேதி. அந்தத் தேதிதான் பின்னால் நமக்கு நீதிபதி, மறந்துவிடாதீர்கள். குறை என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமே தோன்றாமல், ‘அழகாக இருக்கிறது’ என்று மட்டும் மனசு சொன்னால் அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். ஆசைக்கு வாங்குவதில் தப்பில்லை. ஆசையைத் தேவை என்று பெயர் மாற்றி வாங்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

மூன்றாம் படி: உடை

இந்தப் பருவத்துக்கு ஒரே கனத்த உடையைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். உடம்போடு ஒட்டிய அடுக்கு வியர்வையை வாங்க வேண்டும், நடு அடுக்கு சூட்டைப் பிடிக்க வேண்டும், வெளி அடுக்கு காற்றையும் தூறலையும் தடுக்க வேண்டும். மதியம் வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றிப் பையில் வைக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. பட்டியலில் எழுதும் ஒவ்வொரு உடைக்கும் பக்கத்தில் அது எந்த அடுக்கு என்று குறியுங்கள். என் பழைய பட்டியல் முழுக்க நடு அடுக்குதான்: ஸ்வெட்டர், ஸ்வெட்டர், மறுபடி ஸ்வெட்டர். மழை வந்தால் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஸ்வெட்டர் என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஏமாறுவது சுலபம். கம்பளிக்குத் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் குணம் உண்டு. அப்போதும் தொட்டால் நனைந்தது போலத் தெரியாது. அக்ரிலிக் என்ற செயற்கை இழையிடம் அது கிடையாது. கம்பளி குத்துகிறது என்று ஒதுக்குபவர்கள் இழையின் தடிமனைக் கவனித்தால் போதும். 30 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய தடித்த இழைகளின் முனைதான் தோலைக் குத்துவது. மெரினோ என்ற செம்மறியின் மெல்லிய கம்பளி 20 மைக்ரானுக்குள் இருக்கும். வெள்ளாட்டின் உள்ரோமத்திலிருந்து சீவி எடுக்கும் காஷ்மீர் கம்பளி 19 மைக்ரானுக்கும் கீழே.

கடையில் ஸ்வெட்டரைக் கையில் எடுத்ததும் நான் செய்வது இதுதான். முதலில் மணிக்கட்டுப் பட்டையை இரண்டு விரலால் இழுத்து விடுவேன். சட்டென்று பழைய அளவுக்குத் திரும்பினால் சரி; வாயைத் திறந்துகொண்டு அப்படியே நின்றால் இரண்டே மாதத்தில் அது தொளதொளத்துவிடும். பிறகு அக்குளுக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில், உள்ளங்கையால் இருபது தடவை தேய்ப்பேன். பஞ்சு திரண்டு சின்னச் சின்ன உருண்டையாக வந்தால் இழை குட்டையானது என்று அர்த்தம். கடையில் தொட்டதும் பூனைக்குட்டி போல மெத்தென்று இருப்பவைதான் பல சமயம் இந்தச் சோதனையில் தோற்கின்றன, அந்த மென்மைக்காகவே நுனிகளைக் கிளப்பி விட்டிருப்பார்கள். கடைசியாக உள்பக்கத்தைத் திருப்பித் தோள் தையலைப் பார்ப்பேன். துண்டுகளைக் கண்ணிக்குக் கண்ணி கோத்துச் சேர்த்திருந்தால் அந்த இடம் தட்டையாக இருக்கும். வெட்டித் தைத்திருந்தால் ஒரு தடித்த வரப்பு கையில் இடறும். விலைச் சீட்டை இதற்கெல்லாம் பிறகுதான் திருப்புவேன்.

துவைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அவசரத்தில் என் பச்சை மெரினோவை வெந்நீர்ச் சுற்றில் போட்டுவிட்டேன். வெளியே வந்தது ஆறு வயதுக் குழந்தைக்குப் பொருந்தும் ஒரு தடித்த மேலங்கி. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சூடும் ஈரமும் உலுக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிவிடும். அதன்பிறகு பிரிக்க வழியில்லை. குளிர்ந்த நீர், கம்பளிக்கான சோப்பு, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துவது, படுக்கை வாட்டில் உலர்த்துவது. இதற்குப் பொறுமை இல்லையென்றால் இயந்திரத்தில் துவைக்கலாம் என்று குறிப்பிட்ட கம்பளியை மட்டும் பட்டியலில் எழுதுங்கள்.

வெளி அடுக்குக்கு டிரெஞ்ச் கோட்டைச் சிபாரிசு செய்கிறேன். தாமஸ் பர்பெரி 1879-இல் உருவாக்கி 1888-இல் காப்புரிமை பெற்ற காபர்டின் துணியிலிருந்து வந்த வம்சம் அது. நெய்து முடித்த துணிக்கு மெழுகு பூசாமல், நூலுக்கே நீர் ஒட்டாத பக்குவம் செய்து நெருக்கமாக நெய்ததுதான் அதிலிருந்த புதுமை. முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் (ஆங்கிலத்தில் டிரெஞ்ச்) அதிகாரிகள் அணிந்ததால் இந்தப் பெயர் வந்தது. வாங்கும்போது உள்ளே கனமான ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். மெல்லிய சட்டையோடு போய் அளவு பார்த்து வாங்கியவர்கள் அக்டோபரில் கையை மடக்க முடியாமல் திண்டாடுவார்கள். இறகு அடைத்த ஜாக்கெட் எழுதுவதானால் ஃபில் பவர் எண்ணைப் பாருங்கள். ஓர் அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதே அது. இந்தப் பருவத்துக்கு 600 அளவிலேயே வேலை நடக்கும், 800 தேடி அலைய வேண்டாம்.

பூட்ஸில் ஒன்றே ஒன்று: அடித்தோலை மாற்ற முடியுமா? குட்இயர் வெல்ட் முறையில் தைத்ததாக இருந்தால் அடி தேய்ந்த பிறகு புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பசையால் மட்டும் ஒட்டியதென்றால் பெரும்பாலும் அடியோடு சேர்ந்து அதன் கதையும் முடிந்துவிடும்.

நிறத்தில் என் புத்திக் கொள்முதல் கடுகு மஞ்சள் கோட். தனியாகப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. என் அலமாரி முழுக்க நீலமும் ஊதாவும். மூன்று தடவை போட்டேன், பிறகு ஒன்றுவிட்ட தங்கையிடம் போய்ச் சேர்ந்தது. அவள் மேல் அது ஜொலிக்கிறது, அது வேறு விஷயம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். புதிதாக எழுதும் உடையோடு சேர்த்துப் போட, ஏற்கெனவே இருக்கும் மூன்று உடைகளின் பெயரைப் பக்கத்திலேயே எழுத முடிய வேண்டும். முடியவில்லையென்றால் அந்த நிறத்துக்கு ஸ்கார்ஃப் போதும்.

நான்காம் படி: தோலும் முகமும்

குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. அதை வீட்டுக்குள் இழுத்துச் சூடேற்றும்போது ஒப்பு ஈரப்பதம் இன்னும் இறங்குகிறது. அந்தக் காற்று நம் தோலிலிருந்து ஈரத்தைக் கறந்துகொள்கிறது. முகம் இழுப்பதும், கணுக்காலில் வெள்ளைக் கோடு விழுவதும், உதடு வெடிப்பதும் இதனால்தான். ஆகவே அழகுப் பிரிவில் முதல் வரி மாய்ஸ்சரைசராகத்தான் இருக்க வேண்டும், லிப்ஸ்டிக் இரண்டாவது.

டப்பாவின் முன்பக்கம் எழுதியிருக்கும் கவிதையைப் படிக்காதீர்கள். பின்பக்கம் திருப்பிச் சேர்மானங்களைப் படியுங்கள். கிளிசரின், ஹயலுரோனிக் அமிலம் போன்றவை நீரைப் பிடித்து வைப்பவை. செராமைடு தோலின் வேலியைப் பழுதுபார்ப்பது. பெட்ரோலேட்டம், ஷியா வெண்ணெய் போன்றவை மேலே மூடி போடுபவை. காற்று வறண்டிருக்கும்போது முதல் வகையை மட்டும் தடவினால் போதாது, மேலே மூடி வேண்டும். குளித்து மூன்று நான்கு நிமிடத்துக்குள், ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன்பு தடவிவிட்டால் சாதாரணக் களிம்புகூட நன்றாக வேலை செய்யும். மலிவான பெட்ரோலியம் ஜெல்லி ஈரத்தை அடைத்து வைப்பதில் விலை உயர்ந்த பலவற்றைத் தோற்கடிக்கும் என்பதை அழகுசாதன விளம்பரங்கள் ஏனோ சொல்வதில்லை.

லிப் பாம் தேர்ந்தெடுக்கும்போது மென்தால், கற்பூரம் கலந்ததைத் தவிருங்கள். ஜில்லென்று இருக்கும், ஆனால் வெடித்த உதட்டை எரிச்சல்படுத்தி மறுபடி மறுபடி தடவ வைக்கும்.

சன்ஸ்கிரீனை இந்தப் பருவத்தில் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். யு.வி.ஏ. கதிர் மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். எஸ்.பி.எஃப். 30 என்றால் யு.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான், எனவே எண்ணைத் துரத்துவதைவிடத் தாராளமாகப் பூசுவது முக்கியம்.

புதியது எதையும் ஒரே வாரத்தில் இரண்டாகத் தொடங்காதீர்கள். தடித்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. முழங்கையின் உள்மடிப்பில் தடவி இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். டப்பாவில் மூடி திறந்த ஜாடிப் படத்துக்குள் ‘12 எம்’ என்று இருந்தால் திறந்த நாளிலிருந்து 12 மாதம்வரைதான் அதன் ஆயுள். பழையவற்றில் எத்தனை இந்தக் கணக்கில் தேறும் என்று பார்த்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.

லிப்ஸ்டிக் நிறத்தில் யோசனை சொல்ல மாட்டேன், அது அவரவர் முகம், அவரவர் துணிச்சல். வாசனைத் திரவியம் பற்றி மட்டும்: குளிரில் மெல்லிய எலுமிச்சை மணங்கள் எடுபடாமல் போகும். சந்தனம், வெனிலா, அம்பர் போன்ற கனமான மணங்களுக்கு இதுதான் காலம். கடையில் அட்டையில் தெளித்து முகர்ந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ராத்திரி சாப்பிடும் நேரத்தில் என்ன மணம் மிச்சம் இருக்கிறதோ, அதோடுதான் நீங்கள் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: வீடு

இதில் பெரும்பாலானோர் மெத்தைத் தலையணை உறையில் ஆரம்பிக்கிறார்கள். விளக்கில் ஆரம்பியுங்கள். பகல் சுருங்கும் பருவம் இது. மாலை ஐந்து மணிக்கே அறை இருண்டுவிடும். கூரை நடுவில் எரியும் வெள்ளை விளக்கின் கீழே எந்தக் கம்பளிப் போர்வையும் ஆஸ்பத்திரிப் போர்வை போலத்தான் தெரியும். 2700 கெல்வின் என்று போட்ட, இதமான மஞ்சள் வெளிச்சம் தரும் பல்புள்ள ஒரு மேசை விளக்கைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்துப் பாருங்கள், அதே அறை வேறு அறையாகிவிடும். வாட்டைப் பார்க்காமல், வெளிச்சத்தின் அளவான லூமனைப் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 800 லூமன். மூலையில் வைக்க அதில் பாதி போதும். நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்று சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருந்தால் துருச் சிவப்பும் அரக்கும் அழுக்காகத் தெரியாமல் தம் நிறத்திலேயே தெரியும்.

மணமூட்டிய மெழுகுவத்தி எல்லோர் பட்டியலிலும் இருக்கும். வாங்குவதைவிட ஏற்றுவதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் முறை ஏற்றும்போது மேல்பரப்பு முழுவதும் விளிம்புவரை உருகும்வரை அணைக்காதீர்கள். குறுக்களவில் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. பாதியில் அணைத்தால் அடுத்த முறையும் அந்த வட்டத்தோடு நின்று, நடுவில் கிணறு தோண்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு தடவையும் திரியை 6 மில்லிமீட்டருக்கு நறுக்குங்கள், புகையும் கரியும் குறையும். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிய விடக்கூடாது, ஏற்றிவிட்டு வேறு அறைக்குப் போகவும் கூடாது.

காற்றில் ஈரம் சேர்க்கும் ஈரப்பதக் கருவியை எழுதுவதற்கு முன், ஈரத்தை அளக்கும் ஈரப்பதமானி ஒன்றை எழுதுங்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அது 40 முதல் 50 சதவீதம் காட்டினால் உங்களுக்குக் கருவியே தேவையில்லை. தேவைப்பட்டு அல்ட்ராசோனிக் வகை வாங்கினால் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். குழாய் நீரின் தாதுக்கள் வெள்ளைப் பொடியாக மேசையெல்லாம் படியும். தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது வாடிக்கையான வேலை. அதற்குச் சோம்பல்படுபவர்கள் அடித்துவிடலாம். நான் அடித்துவிட்டேன்.

படுக்கை விரிப்பில் நூல் எண்ணிக்கை 1000 என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். முறுக்கிய இழைகளைப் பிரித்துப் பிரித்து எண்ணினால்தான் அந்த எண் வரும். நல்ல பருத்தியில் 200 முதல் 400 தாராளம். பஞ்சு ரஜாயில் டாக் என்ற அளவு (எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பது) இருந்தால் 7 முதல் 10.5 வரை இந்தப் பருவத்துக்குச் சரி, 13.5 முழுக் குளிர்காலத்துக்கு.

ஆறாம் படி: ஆறப்போடுங்கள்

பட்டியல் எழுதியாயிற்றா? 30 நாள் தொடாதீர்கள். ஞாயிறுதோறும் ஒரு தடவை மட்டும் திறந்து, ‘இந்த வாரம் இது இல்லாமல் எங்கேயாவது தவித்தேனா?’ என்று கேட்டு, ஆம் என்றால் பக்கத்தில் ஒரு புள்ளி. மாத முடிவில் புள்ளி இல்லாதவை தாமாகவே உதிரும். இரண்டுக்கு மேல் புள்ளி வாங்கியவை வாங்கத் தகுந்தவை. மற்றவற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். கனமான கோட்டும் பூட்ஸும் பருவம் முடியும்போது தள்ளுபடியில் வரும், எனவே இந்த ஆண்டு சமாளிக்க முடிகிறவர்கள் அடுத்த ஆண்டுக்காக அப்போது வாங்கலாம். தோலுக்கான பொருட்களை மட்டும் அப்படி முன்கூட்டி வாங்கிச் சேர்க்காதீர்கள்.

விலை மிரட்டினால் ஒரு வகுத்தல் போடுங்கள்: விலையை, எத்தனை தடவை உடுத்துவீர்கள் என்ற எண்ணால். ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 40 தடவை போடும் பூட்ஸும், இரண்டு விருந்துக்குப் போடும் மினுமினுப்பு மேல்சட்டையும் அப்போது இடம் மாறி நிற்கும்.

இந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ‘பிறந்தநாளுக்கு என்னடி வேணும்?’ என்று அக்கா கேட்டால் முன்பெல்லாம் ‘ஒண்ணும் வேண்டாம்க்கா’ என்பேன், அவளும் ஒரு பூச்சாடி வாங்கி வருவாள். ஏழு பூச்சாடிகளுக்குப் பிறகு, அளவும் நிறமும் எழுதிய அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து அனுப்பப் பழகிக்கொண்டேன்.

இந்த ஆண்டு என் பக்கம்

ஒன்பது வரிகள்தான். சாம்பல் மெரினோ ஒன்று, பச்சைக்குப் பதிலாக. தூறலுக்குத் தலைமூடியுள்ள மெல்லிய மேல்கோட். பழுப்பு பூட்ஸுக்குப் புது அடித்தோல். பொருளே இல்லை, ஆனால் பட்டியலில் முதல் புள்ளி அதற்குத்தான் விழுந்தது. செராமைடு களிம்பு. மணமில்லாத கைக்களிம்பு, பைக்குள் வைக்கச் சின்ன அளவில். சந்தன வாசனைத் திரவியம், குறை என்ற கட்டத்தில் ‘ஆசை’ என்று எழுதியிருக்கிறேன். சோபா பக்கத்துக்கு ஒரு மேசை விளக்கு. கால்மேல் போட்டுக்கொள்ள நெய்த கம்பளிப் போர்வை.

ஒன்பதாவது வரி, சாய்ந்து படிக்க உயர்ந்த முதுகுள்ள நாற்காலி. மூன்று ஆண்டாக ஒவ்வொரு பட்டியலிலும் கடைசியில் இருக்கிறது, ஒவ்வொரு ஆண்டும் புள்ளி வாங்குகிறது, அடிக்கவும் மனசு வரவில்லை. போன ஞாயிறு நாடாவை எடுத்து ஜன்னலோரத்தை அளந்தேன். 74 சென்டிமீட்டர். நாற்காலி 78.